காது நெளிந்த ஊசி

எங்கள் ரேஷன் கடை மெஷினுக்கு அப்போதெல்லாம் என் வலது கையைக் கண்டால் ஆகாது. கட்டைவிரலை வைத்தால் சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரலை வைத்தாலும் அதே சிவப்பு. கடைக்காரர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "ஏனுங்கம்மா, ரேகையே இல்லீங்களே, எங்கீங்க தொலைச்சீங்க?" பின்னால் நிற்கும் என் அண்ணி சும்மா இருப்பாளா? "எங்களுக்காச்சும் மொளகு பறிச்சுத் தேஞ்சுது. இவிய ஆபீஸ்ல உக்காந்து எதைப் பறிச்சாங்களோ!" வரிசையே சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன். இடது கையை வைத்தால் பச்சை எரிந்துவிடும். அரிசியை வாங்கிக்கொண்டு ஊடு வந்து சேருவேன். ஒரு கை பதிகிறது, ஒரு கை ஏன் பதியவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் கதிர்வீச்சை அளந்து சம்பளம் வாங்கியவளுக்கே தோன்றவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது அந்த வலது கையைப் பற்றித்தான். கூடவே என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில் என் பங்காக வந்த கொஞ்சம் நிலம். சவுக்கு மரங்களில் மிளகுக்கொடி, ஓரத்தில் நாலு பலா. ரிடையர் ஆனதும் இரண்டு பேரும் இங்கேயே வந்துவிட்டோம். அவர் அடிவாரத்துக்காரர், புளியஞ்சோலைப் பக்கம். இருவரும் ஒரு பெரிய நகரத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில், கதிரியக்க ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தோம். அவர் எனக்கு முன்னாலேயே அங்கே சேர்ந்தவர், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். பிறகு என்னைக் கட்டிக்கொண்டார். மலையிலிருந்து பிசிக்ஸ் படித்துப் போன பெண் என்று அங்கே எல்லோரும் என்னைக் காட்சிப்பொருளாகப் பார்த்தபோது, "வேலையைப் பாரும்மா, அவங்க பார்த்துட்டுப் போகட்டும்" என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அவரை நம்பினேன். நம்பிக்கை என்றால் அப்படியொரு நம்பிக்கை.

அப்போதெல்லாம் நாக்கில் புற்று, கன்னத்தில் புற்று என்று வந்தால் ரேடியம் ஊசிதான் வைத்தியம். மருந்து ஏற்றும் ஊசி என்று நினைக்காதீர்கள். அது விரல் நீளம்கூட இல்லாத பிளாட்டினக் குழல், உள்ளே துளி ரேடியம். ஒரு முனை கூராக இருக்கும், மறுமுனையில் தையல் ஊசி போலக் காது. காதில் பட்டு நூலைக் கோத்து, கட்டியைச் சுற்றி வேலி போடுகிற மாதிரி டாக்டர் ஊசிகளை நடுவார். சில நாள் கழித்து நூலைப் பிடித்து இழுத்து எடுத்துவிடுவார். எத்தனை இடைவெளியில் நட வேண்டும், எவ்வளவு நேரம் விட வேண்டும், கட்டி கருக வேண்டும், பக்கத்துத் தாடை கருகக்கூடாது. இந்தக் கணக்குதான் எங்கள் ஆராய்ச்சி. அன்றைக்கு அது கையால் போட்ட கணக்கு, பாதி ஊகம்.

கணக்கைச் சரிபார்க்க ஒரு நாக்கு வேண்டுமே, யார் தருவார்கள்? நான்தான் மெழுகு கொண்டுவந்தேன். லீவு முடிந்து திரும்பும்போது, தேன் பிழிந்த பிறகு மிஞ்சும் மெழுகைக் கட்டி கட்டியாகப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பஸ் முழுக்கத் தேன் வாசனை, என்னைச் சுற்றி ஈ. அந்தக் கொல்லிமலை மெழுகில் ஒரு கீழ்த்தாடையும் நாக்கும் வார்த்தோம். அதைத் துண்டு துண்டாக அறுத்து, நடுவில் எக்ஸ்ரே ஃபிலிம் வைத்து, உள்ளே ஊசி நட்டு, ஃபிலிம் எங்கே எவ்வளவு கறுக்கிறது என்று பார்ப்போம். எனக்கு அந்த மெழுகு நாக்கின் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. காலையில் போனதும், "என்ன, ராத்திரி நல்லாத் தூங்கினியா?" என்று அதைக் கேட்பேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

நிஜ ஊசியை ஈயக்கட்டைக்குப் பின்னால் நின்று நீளமான இடுக்கியால்தான் தொட வேண்டும். கை தாமதித்தால் அத்தனையும் உடம்புக்கு. அதனால் புதிதாக வருகிறவர்கள் முதலில் டம்மி ஊசியில் பழக வேண்டும். டம்மி என்றால் பழைய ஊசிதான், உள்ளே இருந்த ரேடியத்தை எடுத்துவிட்டு வாயை மூடியது. எடையும் பிடியும் அசல் மாதிரியே இருக்க வேண்டும் என்று அப்படி ஒரு ஏற்பாடு. அந்த வருடம் பழக வந்தவள் நான் ஒருத்திதான். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று காட்ட, சட்டையில் ஃபிலிம் பேட்ஜ் குத்தியிருப்போம். அவர் அதைக் காட்டி, "இதைக் கழட்டி வெளிய வராண்டாவுல மாட்டு. டம்மிக்கு எதுக்கு பேட்ஜ்? ஃபிலிம் வீணாகும்" என்றார். நான் இடுக்கி எடுத்ததற்கும், "முதல்ல விரல் பழகட்டும். எந்நேரமும் கையிலயே வெச்சிரு" என்றார். வைத்திருந்தேன். டீ குடிக்கும்போதும், கணக்குப் போடும்போதும் வலது கை விரல்களுக்கு நடுவில் ஒரு ஊசியை உருட்டிக்கொண்டே இருப்பேன். பல மாதம் அப்படித்தான்.

ஒருநாள் நூல் கோக்கும்போது குறடால் அழுத்திப் பிடித்து ஒரு ஊசியின் காதை நெளித்துவிட்டேன். "அடப்பாவமே, அதோட காதைத் திருகுற அளவுக்கு அது உனக்கு என்னம்மா பண்ணுச்சு?" என்றார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொல்லிக்கொடுக்கிறவர் குறுக்கே பேச இடம் வைக்காமல் நாம் ஒரு முழு வேலி நட்டு முடித்துவிட்டால், பழகிய ஊசியில் ஒன்றை நூல் கட்டி நமக்கே கொடுத்துவிடுவார்கள். எனக்கு அவர் தேடி எடுத்துக் கொடுத்தது அந்தக் காது நெளிந்த ஊசியைத்தான். கல்யாணம் பேசி முடித்த சமயத்தில், "அதைக் குடு, மெருகு போட்டுத் தாரேன்" என்று வாங்கிப்போனார். பளபளவென்று, காதை மூடிப் புதுப் பட்டு நூல் சுற்றித் திருப்பித் தந்தார். நான் உருகிப்போனேன். பஞ்சில் சுற்றி ஒரு ஃபிலிம் டப்பாவில் போட்டு, அதைத் தையல் சாமான் வைக்கும் பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன். ஊர் ஊராக வீடு மாறியும் அது கூடவே வந்தது.

போன வருடத்துக்கு முந்தின வருடம், மிளகு பறிப்பு நேரத்தில், வலது ஆள்காட்டி விரலில் நகத்தோரம் ஒரு வெடிப்பு. மஞ்சள் வைத்தேன், தேங்காயெண்ணெய் வைத்தேன், மூடவே இல்லை. அண்ணி என் விரலைப் பிடித்து மோந்து பார்த்துவிட்டு, "இது நல்ல புண்ணு இல்ல. போய் டாக்டர்கிட்டக் காட்டு சாமி" என்றாள். சேலத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போக முடிவு செய்தோம். எனக்கு மலைப் பாதையில் பஸ் என்றால் வயிற்றைப் புரட்டும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். வளைவு வருவதற்கு முன்னாலேயே அவர் கையை நீட்டிவிடுவார்.

டாக்டரம்மா என் விரலை விளக்கின் கீழே வைத்துப் பார்த்தார். என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். சொன்னேன். உடனே நிமிர்ந்தார். "ரேடியத்தை வெறுங்கையால தொட்டிருக்கீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம். தொழில் தெரியாதவளைக் கேட்கிற கேள்வியாகப் பட்டது. "ஒரு தடவைகூட இல்லீங்க. எல்லாம் இடுக்கியிலதான். வெறுங்கையில தொட்டது டம்மி மட்டும். வேணும்னா இவரையே கேளுங்க, எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான்" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினேன்.

அவர் தலையை ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். டாக்டரம்மா மண்வேலை செய்கிற கைக்கு வருகிற கரப்பான் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார்.

அந்தக் களிம்பு ஆறு மாதம், அது கேட்காமல் வேறொரு களிம்பு. நடுவில் நான் இரண்டு தடவை, "வேற டாக்டரைப் பார்க்கலாமுங்க" என்றேன். "ஒரே கையில வேலையும் செய்யற, ஆறவும் ஆறணும்னா எப்படி? இந்த மாசம் போகட்டும்" என்றார். புண் ஆறவில்லை, மேலே ஏறியது. மறுபடி போனபோது டாக்டரம்மா ஒரு துணுக்குச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்று என்று வந்தது. அடுத்தவர் புற்றுக்கு வேலி போட்டுப் போட்டுப் பழகிய கை. எனக்குச் சிரிப்பு வந்தது.

அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல், கூட வந்தது அண்ணி. டாக்டரம்மா என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாருங்கம்மா, இது சாதாரணமா வந்ததுன்னா ஒரு மாதிரி வெட்டுவோம். கட்டைவிரல், நடுவிரல் தோலும் எனக்குச் சரியாப் படல. கதிர்வீச்சுனால வந்ததா இருந்தா, இந்த மூணு விரலையும் சந்தேகப்பட்டுத்தான் பார்க்கணும், தள்ளி வெட்டணும், மிச்சக் கையைக் காப்பாத்தணும். தப்பா நினைச்சுக் கம்மியா வெட்டினா மறுபடி வரும். அந்த டம்மி ஊசிக்குள்ள ஒண்ணும் இல்லைன்னு உறுதியாத் தெரியுமா?"

"என்கிட்டயே ஒண்ணு இருக்குதுங்க. அளந்து பார்த்துச் சொல்றேன்" என்றேன். மனசுக்குள், பாவம், இந்தப் பொண்ணுக்கு எங்கள் ஆய்வுக்கூடத்து ஒழுங்கு தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பழைய கைகர் கருவி வைத்திருக்கிறேன். கதிர் பட்டால் டிக் டிக் என்று தட்டும். செம்மேட்டில் இறங்கி அதற்கு பேட்டரி வாங்கினேன். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், போர்வைக்குள்ளிருந்து, "அதெல்லாம் எதுக்கு இப்போ? அந்த மெஷினு செத்துப்போச்சு" என்றார். "பேட்டரி போட்டா உசிரு வந்துடுமுங்க" என்றேன். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் டின்னைத் திறந்தேன். ஊசியைப் பக்கத்தில் கொண்டுபோனேன். கருவி அதுபாட்டுக்கு எப்போதாவது ஒரு டிக். எங்கள் மலைக் கல்லுக்கும் மண்ணுக்கும் தட்டுகிற அதே டிக், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அப்பாடா! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சந்தேகப்பட்டதற்காக அவரிடம் மனசுக்குள் மன்னிப்புக்கூடக் கேட்டேன். ஊசியைப் பஞ்சில் சுற்றப் போனபோது, இற்றுப்போயிருந்த பட்டு நூல் பொடியாக உதிர்ந்து மடியில் விழுந்தது. காது வெளியே தெரிந்தது.

நல்ல வட்டமான காது. நெளிவு இல்லை.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழட்டிவிட்டு வெயிலில் பார்த்தேன், நகத்தால் தடவிப் பார்த்தேன். நெளிந்த பிளாட்டினம் தானாக நிமிராது. குறடால் நிமிர்த்தியிருந்தால் தழும்பு இருக்கும். இது என் ஊசியே இல்லை. என் ஊசியை மெருகு போடத் தருகிறேன் என்று வாங்கிப்போன ஆள், வேறொரு ஊசியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஒன்றுமில்லாத ஊசியை எதற்கு ஒன்றுமில்லாத இன்னொரு ஊசியால் மாற்ற வேண்டும்? கருவி பொய் சொல்லவில்லை. இந்த ஊசி சுத்தம். சுத்தமாக இருந்ததுதான் என் வயிற்றில் நெருப்பை வைத்தது.

அவர் காய்ச்சல் விட்டு எழுந்து களத்தில் மிளகைக் காலால் தள்ளிக் காயவைத்துக்கொண்டிருந்தார். ஊசியை அவர் முன்னால் நீட்டினேன்.

"ஏனுங்க, என் ஊசி எங்கே?"

பார்த்தார். நூல் இல்லாததைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அப்படியே மிளகின் நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

"லேப்லயே குடுத்துட்டேன். ஈயப் பெட்டியில போட்டு மூடிட்டாங்க."

"எதுக்கு?"

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். என் பழக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து, டம்மி ஊசி வைத்திருந்த மேசை டிராயரில் யாரோ ஒரு பிரிக்காத ஃபிலிம் பாக்கெட்டை வைத்துவிட்டார்களாம். கழுவிப் பார்த்தால் ஃபிலிமில் ஊசி ஊசியாகக் கறுப்புக் கோடு. பழைய ஊசிகளைக் காலி செய்தபோது ஒரு கட்டு விட்டுப்போயிருக்கிறது. ரேடியத்தோடு அப்படியே டம்மிப் பெட்டிக்குள் போய்விட்டது. அந்தக் கட்டில் ஒன்றுதான் காது நெளிந்தது. அவர் மேலதிகாரியிடம் ஓடினார். மேலதிகாரி, "பழகினது ஒரே பொண்ணு. அவளுக்கு ஒண்ணும் ஆகலையே? எதுக்குக் கிளப்பறே?" என்றாராம். இவரும் கிளப்பவில்லை.

"சரி, அது அப்போ" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "வயசு, வேலை, பயம். எல்லாம் சரி. போன வருசம் டாக்டரம்மா கேட்டாங்களே? உங்களைக் கைகாட்டிச் சொன்னேனே, இவரையே கேளுங்கன்னு? பூம்பூம் மாடாட்டம் தலையை ஆட்டினீங்களே?"

"பயமா இருந்துச்சு கண்ணு."

"யாருக்கு? எதுக்கு?"

"நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறிப்போயிடும்னு."

"என் விரல் அழுகிப்போறதைவிட உங்களுக்கு அந்தப் பார்வை பெருசாப் போச்சா?" என்று கத்தினேன். வேலிக்கு அந்தப்புறம் அண்ணி மரவள்ளி தோண்டுவதை நிறுத்திவிட்டாள். கேட்கட்டும் என்று இன்னும் சத்தமாகக் கேட்டேன். "ஒரு வருசம் களிம்பு தடவினீங்களே உங்க கையாலயே! தினமும் தடவிவிட்டீங்களே!"

அது நிஜம். சாப்பிட்டதும் என் விரலைப் பிடித்து, பஞ்சால் துடைத்து, ஊதி ஊதி அந்தக் களிம்பைப் போட்டுவிட்டது அவர்தான். என்ன புருஷன் பார் என்று அண்ணியிடம் பெருமை பேசியிருக்கிறேன். அந்த நேரமெல்லாம் அவருக்குத் தெரியும். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

பிறகு கேட்கக்கூடாததையும் கேட்டேன். "அந்த ஃபிலிமைப் பார்த்த பின்னாலதானே என்னைப் பொண்ணு கேட்டீங்க? இதுக்காகத்தான் கட்டிக்கிட்டீங்களா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம், பொய்யில்தான் அவருக்கு நல்ல பழக்கமாயிற்றே. அவர் மிளகை அள்ளி அள்ளிக் கீழே விட்டார். "அப்பவே எனக்குத் தெரியலை கண்ணு" என்றார். "இப்பவும் தெரியலை."

நான் உள்ளே போய்விட்டேன். அண்ணி வந்து ஒன்றும் கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்த வாரமே சேலம் போனோம். அவர் வரவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். டாக்டரம்மா, "ஊசியை அளந்தீங்களா?" என்று கேட்டார். நான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆய்வுக்கூடத்து இங்கிலீஷில், கதிர்மூல வகைப்பாட்டில் ஏற்பட்ட ஒரு பிழை என்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"நம்ம பேச்சுல சொல்லுங்க" என்றேன்.

நிறுத்தினார். "உள்ள ரேடியம் இருந்துச்சுங்க டாக்டர். வெறுங்கையில வெச்சுக்கச் சொன்னது நான்தானுங்க. போன வருசம் நீங்க கேட்டப்பவும் எனக்குத் தெரியுமுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு என்னிடம், "அன்னைக்கே சொல்லியிருந்தா நுனியோட முடிஞ்சிருக்கும்மா" என்றார். அதட்டிச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. யாரோ ஒரு வயசானவர் அழுகிறார் என்றுதான் இருந்தது.

ஆள்காட்டி விரல் அடியோடு போனது. நடுவிரலில் பாதி போனது. கட்டைவிரலில் தோலை எடுத்துவிட்டுத் தொடைத் தோலை ஒட்டினார்கள். மிச்சக் கை பிழைத்தது, அதற்கு அந்தப் பெண்ணுக்குக் கோடி புண்ணியம். கட்டோடு டிஸ்சார்ஜ் ஆகி பஸ் ஏறினோம். எப்போதும் போல எனக்கு ஜன்னலோரம், பக்கத்தில் அவர். காரவள்ளி தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியது. முதல் வளைவுக்கு முன்னாலேயே, பழக்க தோஷத்தில், அவர் கையை நீட்டினார். அந்தக் கை என் மடிக்குப் பக்கத்தில் திறந்தபடி இருந்தது. எனக்கு வயிற்றைப் புரட்டியது. முன் சீட்டுக் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டேன். அடுத்த வளைவிலும் நீட்டினார், அதற்கடுத்ததிலும் நீட்டினார். வளைவெல்லாம் முடிகிற சோளக்காடு வரைக்கும் நான் கம்பியை விடவில்லை.